ரிம்வேர்ல்டில் எந்த அறைக்கு என்ன வேலை: புதிதாக ஆடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரிம்வேர்ல்ட் என்பது வேற்றுக் கிரகத்தில் விபத்தில் சிக்கியவர்களை வைத்து ஒரு குடியிருப்பைக் கட்டி வளர்க்கும் கணினி விளையாட்டு. அதை ஆட ஆரம்பித்த முதல் வாரம் முழுக்க நான் ஒரு பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தேன். அறையைச் சொடுக்கி, இது படுக்கையறை, இது சமையலறை, இது சாப்பாட்டுக் கூடம் என்று குறித்துவைக்கும் பொத்தான். அப்படி ஒன்று அந்த விளையாட்டில் இல்லவே இல்லை. அறைக்குள் நீங்கள் என்ன சாமான் வைக்கிறீர்களோ, அதைப் பார்த்து விளையாட்டே அறைக்குப் பெயர் வைத்துவிடும். நீங்கள் மனதில் என்ன நினைத்துக் கட்டினீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

இது புரியாமல் மூன்று குடியிருப்புகளை இழந்தேன். ஒன்றில் சாப்பாட்டுக் கூடத்தில் போட்ட கட்டில்கள், இன்னொன்றில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த கசாப்பு மேசை, மூன்றாவதில் படிக்காமல் ஒப்புக்கொண்ட ஓர் எச்சரிக்கை. ஆட்கள் மனம் உடைந்து, நோயில் விழுந்து, கடைசியில் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். பல மணி நேரம் பேர் சொல்லி வளர்த்த ஆட்கள் அப்படிப் போவது வலிக்கும். உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எல்லாக் கணக்கும் அடிப்படை விளையாட்டை வைத்தே போட்டிருக்கிறேன். இணைப்புப் பொதிகள் எதுவும் வாங்கியிருக்க வேண்டியதில்லை.

தொடங்குமுன் கையில் என்ன இருக்கிறது?

விபத்தில் தரையிறங்கும் வழக்கமான தொடக்கத்தை எடுத்தால் 3 ஆட்கள், 300 மரம், 450 எஃகு, 800 வெள்ளி, 30 உதிரிப் பாகங்கள், 50 பொதி உணவு, 30 மருந்து கிடைக்கும். முதல் சில நாட்களுக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை. கவலையெல்லாம் மரம்தான்.

விலைப்பட்டியலை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்:

- சுவர், ஒரு கட்டத்துக்கு: 5
- கதவு: 25
- ஒற்றைக் கட்டில்: 45
- இரட்டைக் கட்டில்: 85
- மரத்தரை, ஒரு கட்டத்துக்கு: 3
- பந்த விளக்கு: 20 மரம்
- விறகடுப்பு: 80 எஃகு

சுவர், கதவு, கட்டில் மூன்றையும் மரம், எஃகு, கல் எதில் வேண்டுமானாலும் செய்யலாம், எண்ணிக்கை மாறாது. ஆனால் எஃகை இப்போது தொடாதீர்கள். பின்னால் அடுப்பு, குளிரூட்டி, ஆயுதம் என்று எல்லாவற்றுக்கும் அதுதான் வேண்டும்.

இன்னொன்று, ஆட்களில் கட்டுமானத் திறன் யாருக்கு அதிகம் என்று முதலிலேயே பார்த்து வையுங்கள். திறன் குறைந்தவர் கட்டினால் வேலை சொதப்பி மரம் வீணாகும். கட்டிலுக்குத் தரம் என்று ஒன்று உண்டு. நல்ல கை செய்த கட்டிலில் தூக்கம் சீக்கிரம் நிறையும். அதனால் கட்டில் வேலையை மட்டும் எப்போதும் உங்கள் சிறந்த தச்சரிடம் கொடுங்கள்.

1. முதலில் காகிதத்தில் அல்ல, தரையில் வரையுங்கள்

கட்டளைப் பட்டியலில் 'பிளான்' என்று ஒரு கருவி இருக்கிறது. அதை வைத்துத் தரையில் கோடு போடலாம். மரம் செலவாகாது, யாரும் வேலை செய்ய வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம். விளையாட்டை நிறுத்திவைத்துவிட்டு, அடுத்த ஒரு வருடத்துக்கான எல்லா அறைகளையும் இதில் வரைந்துவிடுங்கள். பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை நான் மிச்சப்படுத்தியதால், பிறகு சுவர் சுவராக இடிக்க வேண்டியிருந்தது. இடித்தால் போட்ட மரம் முழுதாகத் திரும்பாது.

வரையும்போது கவனிக்க மூன்று விஷயம்.

நாலு பக்கமும் சுவரோ கதவோ அடைத்திருந்தால்தான் அது அறை. ஒரு கட்டம் திறந்திருந்தாலும் அது வெளியிடம்தான். அடைத்ததும் கூரையை ஆட்களே போட்டுக்கொள்வார்கள்.

சுவரிலிருந்து 6 கட்டத்துக்குள்தான் கூரை நிற்கும். பெரிய கூடம் வேண்டுமென்றால் நடுவில் ஒரு தூண் வையுங்கள்.

மூலைகளில் சுவர் தேவையில்லை. குறுக்காக உள்ள இடைவெளி வழியே யாரும் நுழைய முடியாது, அறையின் வெப்பமும் வெளியேறாது. ஒரு தனி அறைக்கு நாலு மூலை, 20 மரம் மிச்சம். முதல் நாளில் இந்த 20 மரம் எவ்வளவு பெரிது என்று கீழே தெரியும்.

2. அறையின் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

திரையின் கீழ் வலது மூலையில் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். அதில் அறை விவரங்களைக் காட்டும் பொத்தானை இயக்கிவிட்டு, சுட்டியை அறைமேல் கொண்டுபோங்கள். அறையின் பெயரும் அதன் மதிப்பெண்களும் வரும்: கவர்ச்சி, செல்வம், இடவசதி, அழகு, சுத்தம்.

கவர்ச்சி என்பது மற்ற நாலும் சேர்ந்த மொத்தக் கணக்கு. அதில் 20-க்குக் கீழே போனால் அறை படுமோசம், 40 தாண்டினால் பரவாயில்லை, 85 தாண்டினால் பிரமாதம். நாலில் எது மிகக் குறைவோ அது மொத்தத்தையும் கீழே இழுக்கும். குறுகலான அறையில் விலை உயர்ந்த சிலையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஏன் எண் ஏறவில்லை என்று நான் விழித்ததற்குக் காரணம் இதுதான். இடவசதி இல்லாத அறையில் காசைக் கொட்டிப் பயனில்லை.

ஒவ்வொரு சாமான் வைத்த பிறகும் இந்தப் பெயரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நீங்கள் நினைத்த பெயர் வரவில்லையென்றால் ஏதோ ஒரு சாமான் இடம் மாறிக் கிடக்கிறது. பெரும்பாலும் அது கட்டிலாகத்தான் இருக்கும். கட்டிலுக்கு முன்னால் வேறு எந்தச் சாமானும் எடுபடாது. நாலு மேசை, பத்து நாற்காலி போட்ட கூடத்தில் ஒரே ஒரு கட்டிலைப் போட்டாலும் அது 'பெட்ரூம்' ஆகிவிடும். இரண்டு கட்டில் போட்டால் 'பேரக்ஸ்', அதாவது எல்லாரும் சேர்ந்து படுக்கும் கொட்டடி.

3. முதல் இரவு: ஒரே கூடம்

முதல் நாளே ஆளுக்கொரு அறை கட்ட ஆசை வரும். வேண்டாம். மரம் போதாது, பொழுதும் போதாது. விளையாட்டின் ஒரு நாள் சாதாரண வேகத்தில் நம் கணக்கில் 16 நிமிடம் 40 விநாடி. அதற்குள் சாமான்களைக் கூரைக்கடியில் சேர்க்க வேண்டும், பயிர் போட வேண்டும், காயம் பட்டவர் இருந்தால் கட்டுப்போட வேண்டும்.

உள்ளே 7-க்கு 5 கட்டம் வரும்படி ஒரு கூடம் கட்டுங்கள். சுற்றுச்சுவர் 28 கட்டம். அதில் 1 கதவு, 4 மூலை போக 23 சுவர், 115 மரம். கதவுக்கு 25. மூன்று கட்டிலுக்கு 135. மொத்தம் 275. மிச்சம் 25 மரத்தில் ஒரு பந்த விளக்கு வைத்துவிடலாம். மூலைகளையும் கட்டியிருந்தால் அந்த விளக்குக்கு மரம் இருந்திருக்காது.

இது கொட்டடிதான். படுமோசமான கொட்டடியில் படுத்தால் மனநிலையில் 7 குறையும், படுமோசமான தனியறை என்றால் 4 தான் குறையும். ஆனால் குடியிருப்பு ஏழையாக இருக்கும் ஆரம்ப நாட்களில் ஆட்களின் எதிர்பார்ப்பும் குறைவு, அதனால் தாங்கிக்கொள்வார்கள். வெளியில், வெறுந்தரையில் படுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இந்தக் கூடத்தை எங்கே கட்டுகிறீர்கள் என்பது முக்கியம். பின்னால் இதுதான் உங்கள் சாப்பாட்டுக் கூடமாகப் போகிறது. அதனால் வரைபடத்தின் நடுவில், சமையலறை வரப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள்.

4. படுக்கையறைகள்: 4-ஆம் நாளிலிருந்து

உள்ளே 5-க்கு 5 கட்டம், ஒரு கட்டில், ஒரு கதவு. இதைவிடச் சின்னதாகக் கட்டினால் இடவசதியில் 'குறுகல்' என்று வந்து மற்ற எல்லாவற்றையும் இழுத்துவிடும். இதைவிடப் பெரிதாகக் கட்ட இப்போது அவசரமில்லை.

தனித்தனியாகக் கட்டாமல் வரிசையாக ஒட்டிக் கட்டுங்கள். மூன்று அறைக்கும் சேர்த்து 55 சுவர்க் கட்டம், 3 கதவு, ஆக 350 மரம். மூலைகளை விட்டால் 330. கட்டில் புதிதாகச் செய்ய வேண்டாம். கூடத்தில் இருக்கும் கட்டிலைச் சொடுக்கி, இடம் மாற்றும் பொத்தானை அழுத்தி, புதிய அறையில் வைத்தால் ஆட்களே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிடுவார்கள். செய்த தரமும் அப்படியே இருக்கும்.

கட்டில் போய்ச் சேர்ந்ததும் அதைச் சொடுக்கி உரிமையாளரை நீங்களே நியமியுங்கள். இதை விட்டுவிட்டால் தூக்கம் வந்தவர் கண்ணில் படும் காலிக் கட்டிலைத் தன்னுடையதாக்கிக்கொள்வார். மருத்துவருக்கு என்று நோயாளி அறைக்குப் பக்கத்தில் கட்டிய அறையில் சுரங்கத் தொழிலாளி படுத்துக் கிடப்பார், மருத்துவர் வரிசையின் கடைசி அறையிலிருந்து ஓடி வர வேண்டியிருக்கும்.

யாருக்கு எந்த அறை என்று தீர்மானிக்க ஆட்களின் குணத்தைப் படியுங்கள். இதில்தான் இந்த விளையாட்டின் உயிர் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

பேராசைக்காரர் என்றால் சாதாரண அறை கொடுத்தால் மனம் குமைவார். நல்ல அறை அவருக்குத்தான். பொறாமைக்காரர் என்றால் அறை எப்படியிருந்தாலும் கவலையில்லை, அடுத்தவர் அறை தன்னுடையதைவிட நன்றாக இருக்கக் கூடாது. இந்த இரண்டு குணமும் ஒரே குடியிருப்பில் இரண்டு பேரிடம் இருந்தால் இரண்டு அறையையும் மேம்படுத்தியாக வேண்டும், அதில் பொறாமைக்காரர் அறை ஒரு படி மேலே இருக்கட்டும். துறவி மனம் கொண்டவர் என்று ஒரு வகை உண்டு. அவருக்கு எளிய அறைதான் பிடிக்கும். கம்பளமும் சிலையும் வைத்தால் சங்கடப்படுவார். அவருக்குச் சுவர், கட்டில், விளக்கு போதும். மிச்சமாகும் மரம் உங்களுக்கு.

காதலிப்பவர்கள், மணமானவர்கள் ஒரே கட்டிலில் படுக்க விரும்புவார்கள். தனித்தனியாகப் போட்டால் இருவருக்கும் மனநிலை குறையும். 85 மரத்துக்கு ஒரு இரட்டைக் கட்டில் செய்து இருவர் பெயரையும் அதில் போடுங்கள். அறை 'பெட்ரூம்' ஆகவே இருக்கும், கொட்டடி ஆகாது. அவர்கள் காலி செய்த ஒற்றை அறை அடுத்து வரும் புதியவருக்கு ஆயிற்று.

கதவு எங்கே வைக்கிறீர்கள் என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஓர் அறைக்குள் புகுந்துதான் இன்னொரு அறைக்குப் போக வேண்டும் என்று கட்டிவிடாதீர்கள். தூங்குபவர் பக்கத்தில் யாராவது நடந்தால் தூக்கம் கலையும், ஒவ்வொரு தடவைக்கும் மனநிலை குறையும். இரவில் விழித்திருக்கும் ஆந்தைக் குணம் உள்ளவர் ஒருவர் இருந்தால் போதும், வீடே தூங்காது. எல்லாக் கதவும் ஒரே நடைபாதையைப் பார்த்திருக்கட்டும்.

கட்டிலின் தலைமாட்டில் ஒரு சின்ன மேசையும், அறைக்குள் ஒரு துணி அலமாரியும் வைத்தால் படுக்கையின் சுகம் கொஞ்சம் கூடும். மரம் மிஞ்சும்போது செய்யலாம்.

5. சமையலறை: இதில் மட்டும் அவசரம் வேண்டாம்

என் இரண்டாவது குடியிருப்பின் சமையலறை உள்ளே 4-க்கு 4. மண்தரை. ஒரு மூலையில் விறகடுப்பு, எதிர் மூலையில் கசாப்பு மேசை. வேட்டையாடிய மானைக் கொண்டுவந்து அங்கேயே வெட்டி, அங்கேயே சமைக்கலாம், நடை மிச்சம் என்று நினைத்தேன். ஆறாவது நாள் காலையில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாந்தி எடுத்தார்கள். அன்று மதியம் கொள்ளைக்காரர் ஒருவர் கையில் தடியோடு வந்தார். ஒரே ஒரு ஆள். என் மூன்று பேராலும் நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெறும் மண்தரையின் சுத்தம் ஒவ்வொரு கட்டத்துக்கும் -1. கசாப்பு மேசை தன்னளவிலேயே -15. அறையின் மொத்தத்தைக் கட்டங்களின் எண்ணிக்கையால் வகுப்பதால், 16 கட்டத்தில் அந்த மேசைக்கு மட்டும் ஏறத்தாழ -0.94. இரண்டும் சேர்ந்து -1.94. சமையலறையின் சுத்தம் -2-க்குக் கீழே போனால்தான் அறையால் உணவு நஞ்சாகும் வாய்ப்பு தொடங்குகிறது. அதாவது என் அறை விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. மானை வெட்டியபோது தரையில் விழுந்த முதல் ரத்தத்துளியே அதைத் தள்ளிவிட்டிருக்கும்.

சரி, இப்படிச் செய்யுங்கள்.

கசாப்பு மேசைக்குத் தனி அறை. சமையலறையோடு ஒரே சுவரைப் பகிரலாம், ஆனால் நடுவில் சுவர் இருக்க வேண்டும். கதவு வைத்துப் பிரித்தாலும் போதும், கதவுக்கு அந்தப் பக்கம் வேறு அறையாகத்தான் கணக்கு.

சமையலறையைக் கட்டியதுமே மரத்தரை போடுங்கள். மரத்தரையின் சுத்தம் 0. 25 கட்டத்துக்கு 75 மரம். படுக்கையறைகளுக்கு முன்னால் இதைச் செய்யச் சொல்வேன்.

சமையலறை நடைபாதையாக இருக்கக் கூடாது. ஒரு கதவு கிடங்கைப் பார்த்து, ஒரு கதவு சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்து இருந்தால் ஊரே அதன் வழியாக நடந்து வெளிமண்ணைக் கொண்டுவரும். குறுக்குவழியாக ஆகாதபடி கதவுகளை வையுங்கள்.

சமைப்பவரின் திறனும் இதில் சேரும். அறை பளிச்சென்று இருந்தாலும் திறன் குறைந்தவர் சமைத்தால் உணவு கெடும். எல்லாரையும் சமைக்க விடாமல் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சுத்தம் செய்யும் வேலை. வேலைப் பட்டியலில் அது கடைசிப் பக்கம் இருப்பதால், மற்ற எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் ஆட்கள் விளக்குமாறு எடுப்பார்கள், அதாவது எடுக்கவே மாட்டார்கள். எண் போட்டு முன்னுரிமை கொடுக்கும் முறைக்கு மாற்றி, யாராவது ஒருவருக்கு இதை மேலே தூக்கி வையுங்கள். 'ஹோம் ஏரியா' என்று குறித்த இடத்துக்குள் மட்டும்தான் சுத்தம் செய்வார்கள். கட்டினால் அந்த இடம் தானாக விரியும், ஆனால் நீங்கள் எங்காவது தவறுதலாக அழித்திருக்கலாம், ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

குளிர் அறை சமையலறையை ஒட்டியே இருக்கட்டும். குளிரூட்டிக்கு 90 எஃகு, 3 உதிரிப் பாகம், 200 வாட் மின்சாரம் வேண்டும், அதற்கு முன் அதற்கான ஆராய்ச்சியும் முடிய வேண்டும். சுவரில் பதிக்கும்போது நீலப் பக்கம் உள்ளே, சிவப்புப் பக்கம் வெளியே. திருப்பி வைத்தால் கிடங்கு அடுப்பாகிவிடும். வெப்பம் 0-க்குக் கீழே போனால் உணவு அழுகுவதே நிற்கும். நான் -5 வைப்பேன், கதவு திறந்து மூடும்போது கொஞ்சம் ஏறினாலும் தாங்கும்.

6. சாப்பாட்டுக் கூடம்

கட்டில்கள் போனதும் முதல் கூடம் காலியாகிவிட்டது அல்லவா, அதில் மேசை போடுங்கள். 2-க்கு 2 மேசைக்கு 50 மரம், சுற்றி நாலு முக்காலிக்கு 100. மேசை இல்லாமல் சாப்பிட்டால் ஒவ்வொருவருக்கும் மனநிலையில் 3 குறையும். 150 மரத்துக்கு இதைவிட நல்ல செலவு இந்த விளையாட்டில் நான் பார்க்கவில்லை.

பொழுதுபோக்குச் சாமான்களையும் இங்கேயே வையுங்கள். லாடம் எறியும் கம்பு, சதுரங்க மேசை எதுவானாலும் சரி. தனியாக ஒரு விளையாட்டு அறை கட்ட வேண்டியதில்லை. பெயர் 'டைனிங் ரூம்' என்று வந்தாலும் 'ரெக் ரூம்' என்று வந்தாலும், சாப்பிட்டவருக்கும் விளையாடியவருக்கும் அறையின் அழகால் வரும் மகிழ்ச்சி கிடைத்துவிடும். ஒரே கூடத்தை அழகாக்கினால் எல்லாருக்கும் தினமும் பலன். சிலை செய்யத் தெரிந்தவர் வந்தால் முதல் சிலை இங்கேதான் வர வேண்டும்.

கூடம் உணவு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். வெகு தூரம் என்றால் ஆட்கள் சாப்பாட்டைக் கையில் எடுத்து நின்ற இடத்திலேயே சாப்பிட்டுவிடுவார்கள், மேசை போட்டும் பயனிருக்காது.

7. மருத்துவ அறை

கட்டிலைச் சொடுக்கி 'மெடிக்கல்' என்று மாற்றினால் அது நோயாளிக் கட்டில். அது யாருக்கும் சொந்தமில்லை, காயம் பட்டவர் தேடி வந்து படுப்பார். ஓர் அறையில் நோயாளிக் கட்டில்கள் மட்டும் இருந்தால் அந்த அறை 'ஹாஸ்பிடல்'. படுக்கையறையின் மூலையில் ஒரு நோயாளிக் கட்டிலைச் சொருகாதீர்கள், படுக்கையறையின் பலனும் போகும், நோயாளிக்கும் அமைதி இருக்காது.

தொடக்கத்தில் இரண்டு கட்டில் போதும். தரை முக்கியம். அறை அழுக்காக இருந்தால் அறுவைச் சிகிச்சை தோற்கும், புண்ணில் கிருமி ஏறும். முதலில் மரத்தரை. பிறகு ஆராய்ச்சி முடிந்ததும் கிருமிநீக்கிய ஓடு போடலாம். ஒரு கட்டத்துக்கு 3 எஃகு, 12 வெள்ளி. 25 கட்டத்துக்கு 75 எஃகு, 300 வெள்ளி. ஒரு கட்டத்தின் சுத்தம் 0.6 ஏறும். வெள்ளியை வேறெங்கும் தரையில் கொட்டாதீர்கள், இங்கே மட்டும் தயங்காதீர்கள்.

8. சிறை: கொள்ளைக்காரர் வருமுன் கட்டுங்கள்

மேலே ஓர் எச்சரிக்கையைச் சொன்னேனே, அது இதுதான். மூன்றாவது குடியிருப்பில் காயம்பட்டு விழுந்த ஒரு கொள்ளைக்காரரைப் பிடிக்க நினைத்தேன். சிறைக் கட்டில் இல்லாமல் பிடிக்க முடியாது. அவர் உடம்பிலிருந்து ரத்தம் போய்க்கொண்டிருந்தது. அவசரத்தில் எங்கள் கொட்டடியின் ஒரு கட்டிலைச் சொடுக்கிக் கைதிக்கு என்று மாற்றினேன். ஒரு பெட்டி வந்தது, படிக்காமல் சரி என்று அழுத்தினேன். ஓர் அறையில் ஒரு கட்டில் கைதிக்கு என்று ஆனால் அந்த அறையே சிறை, அதிலுள்ள எல்லாக் கட்டிலும் கைதிக்குத்தான். அதைத்தான் அந்தப் பெட்டி சொல்லியிருக்கிறது. அன்றிரவு என் ஆட்கள் மூன்று பேரும் வெளியே வெறுந்தரையில் படுத்தார்கள். குளிர்காலம். இரண்டு நாள் கழித்துத்தான் ஏன் எல்லாரும் இவ்வளவு வாடியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தேன், அதற்குள் ஒருத்தி மனம் உடைந்து பொருட்களை அடித்து நொறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

முதல் வாரத்துக்குள் உள்ளே 4-க்கு 4 கட்டத்தில் ஒரு தனி அறை கட்டிவிடுங்கள். சுவருக்கு 95, கதவுக்கு 25, கட்டிலுக்கு 45, ஆக 165 மரம். கட்டில் போட்டதும் கைதிக்கு என்று மாற்றிவிட்டு, அப்படியே விட்டுவிடுங்கள். உள்ளே ஆயுதமோ கிடங்கோ இருக்கக் கூடாது. மருத்துவ அறைக்குப் பக்கத்தில் இருந்தால் மருத்துவருக்கு நடை குறையும். கைதிகளுக்கும் மனநிலை உண்டு, அவரை உங்கள் பக்கம் சேர்க்க நினைத்தால் ஒரு விளக்கும் தரையும் போட்டு வையுங்கள்.

9. பட்டறை, ஆராய்ச்சி அறை, கிடங்கு

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பட்டறையில் வேலை மேசைகளை எல்லாம் ஒன்றாக வையுங்கள், கூரையும் விளக்கும் இருந்தால் போதும், இருட்டில் வேலை மெதுவாகும். ஆராய்ச்சி மேசையைப் பட்டறையில் வைக்காதீர்கள். ஆராய்ச்சி வேகம் அறையின் சுத்தத்தைப் பொறுத்தது, கல் உடைக்கும் இடத்தில் சுத்தம் நிற்காது. தனியாக ஒரு சின்ன அறை, மரத்தரையோடு.

கிடங்கு மட்டும் வேறு வகை. அதற்குச் சாமான் வேண்டாம், தரையில் 'ஸ்டாக்பைல்' பகுதி வரைந்து எதெது அங்கே வர வேண்டும் என்று நீங்களே குறிக்கலாம். கூரைக்கடியில் இருக்கட்டும், மழையில் பொருள் கெடும்.

குழந்தைகள், அரச பதவிகள் வரும் இணைப்புப் பொதிகளை வைத்திருந்தால் வகுப்பறை, சிம்மாசன அறை என்று இன்னும் சில வகை வரும். அங்கேயும் விதி இதேதான், சாமானைப் பார்த்துப் பெயர்.

10. எதை எப்போது

என் பழக்கம் இது. 1-ஆம் நாள் கூடம். 2, 3-ஆம் நாள் மரம் வெட்டு, சமையலறை, அதற்குத் தரை. 4-லிருந்து 6 வரை படுக்கையறை வரிசை. 7-ஆம் நாளுக்குள் சிறை. அதன் பிறகு கூடத்தில் மேசை, பிறகு மருத்துவ அறை. குளிர் அறை மின்சாரத்தையும் ஆராய்ச்சியையும் பொறுத்தது. கோடை வெயில் கடுமையான இடத்தில் இறங்கியிருந்தால் அதை முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள்.

கல் சுவருக்கு எப்போது மாறுவது என்று கேட்பார்கள். மரச்சுவர் தீப்பிடிக்கும், ஒரு மின்னல் போதும். அதனால் கல் வெட்டும் மேசை வந்ததும் சமையலறையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒரு பாறைத் துண்டுக்கு 20 கல் கட்டி கிடைக்கும். கட்ட நேரம் அதிகம் பிடிக்கும், அறுவடைக் காலத்தில் ஆரம்பிக்காதீர்கள். கதவை மட்டும் மரத்திலேயே விடுங்கள். கல் கதவு மெதுவாகத்தான் திறக்கும், நூறு தடவை நடக்கும் நடைபாதையில் அது பெரிய நஷ்டம்.

மலையைக் குடைந்து அறை செய்யலாம், மரமே செலவாகாது, தரையை மெருகேற்றினால் அழகும் வரும். ஆனால் தடித்த பாறைக்கூரைக்குக் கீழே பூச்சிக் கூட்டம் வெடித்துக் கிளம்பும். படுக்கையறைகளை அவ்வளவு ஆழத்தில் வைக்காதீர்கள்.

அழகுபடுத்துவதிலும் அளவு வேண்டும். குடியிருப்பின் மொத்தச் சொத்து மதிப்பு ஏற ஏற வரும் கொள்ளைக் கூட்டமும் பெரிதாகும். கட்டடமும் அந்தக் கணக்கில் சேரும். காவலுக்கு ஆளும் ஆயுதமும் இல்லாதபோது எல்லா அறையிலும் கம்பளம் விரிக்க வேண்டாம். முதலில் கூடம், பிறகு பேராசைக்காரர் அறை, மற்றவை அடுத்த வருடம். அந்த வருடமும் தூரமில்லை, விளையாட்டில் 60 நாள்தான்.